பேரியாட்ரிக் அறுவை சிகிச்சை: இரண்டாம் ஆண்டைப் பற்றி எனக்கு யாரும் சொல்லவில்லை

உடல் பருமனைக் குறைப்பதற்காகச் செய்யும் அறுவைகளைத்தான் பேரியாட்ரிக் அறுவை சிகிச்சை என்கிறார்கள். அவற்றில் எனக்குச் செய்தது கேஸ்ட்ரிக் பைபாஸ். இரைப்பையின் மேற்பகுதியில் ஒரு சிறு பையை மட்டும் பிரித்தெடுத்து, சிறுகுடலின் முற்பகுதியைத் தாண்டி, கீழே உள்ள குடலோடு அதை இணைத்துவிடுகிறார்கள். அந்தப் பை தொடக்கத்தில் கொள்வது சுமார் 30 மில்லிலிட்டர்தான். அறுவை சிகிச்சையில் ஒரு குறையும் சொல்ல முடியாது. சர்க்கரை நோய்க்கான மாத்திரைகள் நின்றன, முழங்கால் வலி தணிந்தது, இரவில் மூச்சு முட்டாமல் தூங்குகிறேன். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் யாரையும் பயமுறுத்தித் தடுப்பதற்காக நான் எழுதவில்லை. மறுபடியும் அதே நிலையில் இருந்தால் மறுபடியும் செய்துகொள்வேன். ஆனால் மனதளவில் நான் பட்ட பாட்டில் பெரும்பகுதி இரண்டாம் ஆண்டில் வந்தது. அந்த நேரத்தில் என்னை விசாரிக்க ஒரு நிபுணரும் இல்லை. மருத்துவமனை கொடுத்த கையேட்டில் காயத்தை எப்படிப் பார்த்துக்கொள்வது, புரதம் எவ்வளவு, எந்த வைட்டமினை எப்போது எடுப்பது என்றெல்லாம் பக்கம் பக்கமாக இருந்தது. மனதைப் பற்றி இருந்தது ஒரே வரி: நேர்மறையாக இருங்கள்.

அறுவைக்கு முன் மனநல மதிப்பீடு என்று ஒன்று உண்டு. எனக்கு அது ஒரு படிவத்தை நிரப்பும் சடங்காகவே நடந்தது. காத்திருப்புக் கூடத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெண்மணி, "வருத்தமாக இருக்கிறதா என்று கேட்டால் இல்லை என்று சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் தேதியைத் தள்ளிப்போட்டுவிடுவார்கள்" என்று காதோடு சொன்னார். அங்கிருந்த எல்லாருக்குமே அது தேர்வாகத்தான் தெரிந்தது, தேறினால் அறுவை மேசைக்குப் போகலாம். உள்ளே போனதும், வீட்டில் எல்லாரும் தூங்கிய பிறகு நான் சாப்பிடும் பழக்கத்தைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன். ஆலோசகர் தலையாட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார். உணவுப் பழக்கத்துக்கான கட்டம் ஏற்கெனவே முடிந்திருந்தது. "தகுதியானவர்" என்று முத்திரை விழுந்தது. அதற்குத் தனிக் கட்டணமும் வாங்கிக்கொண்டார்கள்.

பின்னாளில் படித்தபோதுதான் தெரிந்தது, என் பழக்கம் அப்படி ஒன்றும் அபூர்வமானதல்ல. பல ஆய்வுகளைத் தொகுத்து 2016இல் வெளியான ஒரு பகுப்பாய்வின்படி, இந்த அறுவைக்கு வருபவர்களில் ஏறத்தாழ 19 சதவீதத்தினருக்கு மனச்சோர்வும், 17 சதவீதத்தினருக்குக் கட்டுப்பாடின்றி அளவுக்கு மீறி உண்ணும் கோளாறும் இருக்கின்றன. இவை இருப்பதாலேயே அறுவை மறுக்கப்படும் என்பது பெரும்பாலும் வீண் பயம். நிலை மோசமாக இருந்தால் முதலில் அதைக் கவனித்துவிட்டுப் பிறகு தேதி கொடுப்பார்கள். சில மாதத் தாமதம் அப்போது கசப்பாக இருக்கும். நான் பிறகு இழந்த மாதங்களோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை. ஆகவே, மதிப்பீட்டுக்குப் போகிறவர்களுக்கு என் முதல் யோசனை: பதில் சொல்வதற்கு மட்டும் போகாதீர்கள், கேட்பதற்கும் போங்கள். ஆறாம் மாதத்தில் மனம் சரிந்தால் யாரைக் கூப்பிடுவது? ஓராண்டு கழித்து உங்களை மறுபடியும் பார்க்க முடியுமா? அதற்கான செலவு இந்தத் தொகுப்புக் கட்டணத்தில் அடங்குமா? இந்த மூன்றுக்கும் பெயரோடும் தேதியோடும் பதில் கிடைக்கவில்லை என்றால், மனநலத் துணை என்று அங்கே எதுவும் இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம். விளம்பரத் தாளில் என்ன போட்டிருந்தாலும் சரி.

அறுவை முடிந்த முதல் வாரங்களில் நான் அழுததெல்லாம் வலிக்காக அல்ல. திரவ உணவு, பிறகு மசித்த உணவு, அதுவும் கரண்டிக் கணக்கில். வயிற்றில் பசி இல்லை. வாய்க்கும் மனதுக்கும் மட்டும் ஏக்கம் இருந்தது. யாராவது ஏசினாலும் சாப்பிட்டேன், பாராட்டினாலும் சாப்பிட்டேன் என்று வாழ்ந்த ஒருத்தியிடமிருந்து அந்த ஒரே ஆறுதலை ஒரு காலைப்பொழுதில் பிடுங்கிக்கொண்டார்கள். அதற்குப் பதிலாக எதையும் கையில் தரவில்லை. "இதை ஏன் செய்துகொண்டோம்" என்ற எண்ணம் இரவெல்லாம் ஓடியது. வெளியே சொன்னால், "நீயாகக் கேட்டு வாங்கியதுதானே" என்பார்கள் என்று வாயை மூடிக்கொண்டேன். இந்த வருத்தம் மிகப் பலருக்கு வருகிறது, பெரும்பாலானோருக்குச் சில வாரங்களில் தணிந்தும்விடுகிறது. இதை முன்கூட்டி ஒருவர் சொல்லியிருந்தால் பாதிப் பயம் போயிருக்கும். உணவுக்குப் பதிலாக மனதுக்கு என்ன கொடுக்கப்போகிறோம் என்பதை அறுவைக்கு முன்பே பழகத் தொடங்குவது நல்லது. நடையோ, கைவேலையோ, தினம் ஒருவரோடு பேசுவதோ எதுவானாலும் சரி. படுக்கையில் கிடந்துகொண்டு புதுப் பழக்கத்தைத் தேட முடியாது.

இங்கே ஓர் எச்சரிக்கையைச் செருகியே ஆகவேண்டும். இந்தக் காலத்தில் வரும் எல்லாக் குழப்பத்தையும் "மனசு சரியில்லை" என்று ஒதுக்கிவிடக் கூடாது. விடாமல் வாந்தி எடுப்பவருக்கு தயமின் என்ற பி1 வைட்டமின் வேகமாகக் குறைந்துவிடும். குழப்பம், பார்வை இரட்டையாகத் தெரிவது, நடை தள்ளாடுவது ஆகியவை அதன் அறிகுறிகள். இது அவசர நிலை. தாமதித்தால் நினைவாற்றலுக்கு நிரந்தரப் பாதிப்பு வரலாம். அறிகுறி உள்ளவருக்கே அது புலப்படாது என்பதால், கூட இருப்பவர்களுக்கு இந்த மூன்றையும் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

பிறகு எடை இறங்கத் தொடங்கியது. எல்லாரும் தேனிலவுக் காலம் என்று சொல்லும் மாதங்கள் அவை. எனக்கும் தேன்தான், அதில் ஒரு முள்ளும் இருந்தது. என்னை ஏறெடுத்துப் பார்க்காத சக ஊழியர்கள் நின்று பேசினார்கள். கடைக்காரர்கள் முகம் பார்த்துப் பதில் சொன்னார்கள். கூட்டத்தில் என் கருத்தை முதன்முறையாகக் கேட்டார்கள். மகிழ்ச்சியாக இருந்திருக்க வேண்டும். எனக்கு வந்தது கோபம். நான் அதே ஆள்தானே? அப்படியானால் இத்தனை ஆண்டுகளாக இவர்கள் என்னை என்னவாகப் பார்த்தார்கள்? ஒவ்வொரு "அட, என்ன அழகாகிவிட்டீர்கள்!" என்பதற்கும் அடியில் பழைய என்னைப் பற்றிய தீர்ப்பு ஒன்று எனக்குக் கேட்டது. அதோடு, "உடற்பயிற்சி செய்து குறைத்திருக்கலாமே, இது குறுக்கு வழிதானே" என்று சிலர் சொன்னது. உயிரைப் பணயம் வைத்து, வாழ்நாள் முழுவதும் வைட்டமினும் இரத்தப் பரிசோதனையுமாக இருக்கப்போகிற வழியைக் குறுக்கு வழி என்பவர்களுக்கு இப்போது நான் பதில் சொல்வதில்லை. யாரிடம் அறுவையைப் பற்றிச் சொல்வது, யாரிடம் வேண்டாம், கேட்டால் என்ன வார்த்தையில் சொல்வது என்பதை முன்பே தீர்மானித்துவிடுங்கள். "சிகிச்சை எடுத்தேன், நன்றாக இருக்கிறேன்" என்ற ஒரு வாக்கியம் போதும்.

கண்ணாடி தனிக் கதை. எடை போன வேகத்துக்கு என் மூளை வரவில்லை. காலியாகக் கிடந்த இரண்டு நாற்காலிகளுக்கு நடுவே நுழைய முடியாது என்று சுற்றிக்கொண்டு போவேன். பழைய அளவு உடையையே கையில் எடுப்பேன். மூன்றாம் நான்காம் மாதத்தில் முடி கொத்துக் கொத்தாக உதிர்ந்தது. உடல் ஒரு பெரிய அதிர்ச்சியைச் சந்தித்த பிறகு இது வருவது வழக்கம், பெரும்பாலும் திரும்ப வளர்ந்துவிடும். குளியலறையில் தனியாக அதை அள்ளிக்கொண்டு நிற்கும்போது இந்தத் தகவல் எனக்குத் தெரியாது. அப்புறம் தொங்கும் தோல். வயிற்றிலும் கைகளிலும் மடிந்து கிடந்த தோலைப் பார்த்து, குண்டாக இருந்தபோது வராத வெட்கம் வந்தது. உடைகளுக்கு நிறையப் பணத்தை வீணாக்கினேன். எடை நிலைபெறும்வரை, அதாவது ஒன்று ஒன்றரை ஆண்டுவரை, இரவல் உடைகளும் தைத்துச் சுருக்கிய உடைகளும் போதும். தோலை அகற்றும் அறுவையையும் அதற்குப் பிறகுதான் யோசிப்பார்கள். பல காப்பீடுகள் அதை அழகுச் சிகிச்சை என்று தள்ளிவிடும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

வீட்டிலும் தரை அசைந்தது. என் கணவர் நல்லவர். அறுவை அன்று பயத்தில் என்னைவிட அவர்தான் நடுங்கினார். ஆனால் நான் தனியாக வெளியே போகத் தொடங்கியதும், "இப்போதெல்லாம் உனக்கு வீடு ஞாபகமே இல்லை" என்று வேடிக்கையாகச் சொல்லத் தொடங்கினார். சில மாதங்களில் அந்த வேடிக்கை போய்விட்டது. நாங்கள் இருவரும் சேர்ந்து செய்துவந்த ஒரே பொழுதுபோக்கு சாப்பிடுவதாக இருந்திருக்கிறது, அது போனபின் மாலையில் எதைச் செய்வது என்று இருவருக்கும் தெரியவில்லை. சுவீடனில் நடந்து 2018இல் வெளியான ஓர் ஆய்வு, அறுவை செய்துகொண்ட தம்பதியரிடையே பிரிவும் மணமுறிவும் மற்றவர்களைவிட அதிகம் என்று கண்டது. அதே ஆய்வில், தனியாக இருந்தவர்கள் புதிய உறவோ திருமணமோ அமைத்துக்கொள்வதும் அதிகமாகவே இருந்தது. அறுவை குடும்பத்தைக் கெடுக்கிறது என்று இதற்குப் பொருளில்லை. ஒருவர் உடல் இவ்வளவு மாறும்போது கூட இருப்பவரின் இடமும் மாறுகிறது, அதற்கு அவரையும் யாராவது தயார்ப்படுத்த வேண்டும். மதிப்பீட்டுச் சந்திப்புகளில் ஒன்றுக்காவது துணையை அழைத்துப் போங்கள். எங்களுக்கு அது மிகத் தாமதமாகத்தான் வாய்த்தது. வாய்த்த அன்று அவர் சொன்னது, "எனக்கு நீ தேவைப்படுகிற அளவுக்கு உனக்கு இனி நான் தேவைப்பட மாட்டேன் என்று பயமாக இருக்கிறது." அத்தனை மாதச் சண்டைக்கும் அடியில் இருந்தது இவ்வளவுதான்.

பணமும் காலமும் அதிகம் போனது வேறொன்றில். ஓராண்டு தாண்டிய பிறகு, திடீர் திடீரென்று நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், வியர்த்துக் கொட்டும், ஏதோ கெட்டது நடக்கப்போகிறது என்ற பீதி வரும். முதலில் இதயம் என்று நினைத்தார்கள். ஒரு பரிசோதனைக்குப் பின் இன்னொன்று, சேமிப்பில் கணிசமான பகுதி அதிலேயே கரைந்தது. இதயத்தில் கோளாறு இல்லை என்றதும், "பதற்றம்தான், எடையைக் குறைத்தபிறகு எதற்கு இன்னும் கவலைப்படுகிறீர்கள்?" என்று சொல்லி ஒரு பொது மருத்துவர் மாத்திரை எழுதினார். தூக்கம் வந்ததே தவிர நடுக்கம் நிற்கவில்லை. எனக்கே நான் மனநோயாளி ஆகிவிட்டேன் என்ற முடிவு வந்துவிட்டது. வேலைக்கு நீண்ட விடுப்பு எடுத்தேன், சம்பளம் போனது. கடைசியில் அறுவைக் குழுவில் இருந்த உணவியல் நிபுணர்தான் தற்செயலாக ஒரு கேள்வி கேட்டார்: "இது சாப்பிட்டு எவ்வளவு நேரம் கழித்து வருகிறது?" யோசித்துப் பார்த்தால், ஒவ்வொரு முறையும் ஒன்றிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள். இனிப்போ மாவுப்பொருளோ அதிகம் சாப்பிட்ட நாட்களில் தவறாமல். அடுத்த தடவை நடுக்கம் வந்தபோது குளுக்கோமீட்டரில் விரலைக் குத்திப் பார்த்தேன். சர்க்கரை ஐம்பதுக்குக் கீழே கிடந்தது.

பைபாஸுக்குப் பின் உணவு குடலுக்குள் வேகமாக இறங்குகிறது. இரத்தச் சர்க்கரை விருட்டென்று ஏறுகிறது, உடல் அளவுக்கு மீறி இன்சுலினைச் சுரக்கிறது, பிறகு சர்க்கரை தடாலென்று விழுகிறது. பிற்பட்ட டம்பிங் என்பார்கள். அறுவை முடிந்து ஓராண்டோ அதற்கு மேலோ ஆனபின் தொடங்குவது இதன் குணம். அதனால் யாருக்கும் அறுவையோடு முடிச்சுப் போடத் தோன்றுவதில்லை. அறிகுறிகளை மட்டும் எழுதி வைத்தால் பீதித் தாக்குதலிலிருந்து பிரித்தறிய முடியாது. சிறுசிறு அளவாக உண்பது, ஒவ்வொரு வேளையும் புரதத்தோடு தொடங்குவது, சுத்திகரித்த சர்க்கரையைத் தள்ளிவைப்பது என்று உணவை மாற்றியதிலேயே எனக்குப் பெருமளவு அடங்கியது. அடங்காதவர்களுக்கு மருந்துகள் உண்டு. ஆகவே படபடப்பு வந்தால், பதற்றம் என்ற பட்டத்தை ஏற்றுக்கொள்வதற்கு முன், அந்த நேரத்திலேயே சர்க்கரையை அளந்து எழுதிவையுங்கள். கடைசியாக என்ன, எத்தனை மணிக்குச் சாப்பிட்டீர்கள் என்பதையும். இதன் மறுபக்கமும் உண்மைதான்: சர்க்கரை சரியாக இருந்தும் பீதி வந்தால், அதற்கு மனநல மருத்துவரிடம் போக ஒரு நிமிடமும் தயங்க வேண்டாம்.

மருந்தைப் பற்றி இன்னொன்று. ஏற்கெனவே மனச்சோர்வுக்கு மாத்திரை எடுப்பவர்கள், குறிப்பாக மெதுவாகக் கரையும்படி செய்த மாத்திரைகள் எடுப்பவர்கள், அறுவைக்கு முன்பே எழுதிக்கொடுத்த மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும். குடலின் பாதை மாறியபின் சில மருந்துகள் முன்போல் உட்கிரகிக்கப்படுவதில்லை. இருமுனைக் கோளாறு போன்ற மனநலப் பிரச்சினைகளுக்குக் கொடுக்கும் லித்தியம் எடுப்பவர்களுக்கோ இரத்தத்தில் அதன் அளவு ஆபத்தான நிலைக்கு ஏறிவிடலாம். மருந்தைத் தாமாக நிறுத்துவதும் கூடாது, அப்படியே தொடர்வதும் போதாது.

இரண்டாம் ஆண்டின் பிற்பகுதியில் எடை இறங்குவது நின்று, மெல்ல ஏறத் தொடங்கியது. ஒரே வேளையில் நிறையச் சாப்பிட முடியாது என்பதால், நாள் முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொறித்துக்கொண்டே இருந்தேன். பழைய இரவுப் பழக்கம் சிறிய உருவத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது. தொடர் பரிசோதனைக்குப் போனால் முதலில் எடை பார்க்கும் கருவியில் ஏறவேண்டும், அந்த எண்ணை உரக்கப் படிப்பார்கள். அந்த அவமானத்துக்குப் பயந்தே பலர் போவதை நிறுத்துகிறார்கள். உதவி மிகவும் தேவைப்படும் நேரத்தில் ஆள் காணாமல் போவது இப்படித்தான். சுவீடனில் 1987இல் தொடங்கிய நீண்ட ஆய்வில், பைபாஸ் செய்துகொண்டவர்கள் முதல் ஓரிரு ஆண்டுகளில் சராசரியாக உடல் எடையில் 32 சதவீதம் இழந்தார்கள், பத்தாம் ஆண்டில் அது 25 சதவீதத்தில் நின்றது. சராசரியிலேயே ஏற்றம் இருக்கிறது. இந்த ஓர் எண்ணை எனக்கு முதல் நாளே காட்டியிருந்தால், ஏறிய சில கிலோவை என் ஒழுக்கக்கேடாக நினைத்துக் குமைந்திருக்க மாட்டேன்.

இன்னும் கடினமான விஷயம் ஒன்று இருக்கிறது. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் இந்த அறுவை செய்துகொண்ட எட்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பின்தொடர்ந்தார்கள். அறுவைக்கு முந்தைய மூன்று ஆண்டுகளைவிடப் பிந்தைய மூன்று ஆண்டுகளில், தன்னைத்தானே காயப்படுத்திக்கொண்டு அவசரச் சிகிச்சைக்கு வந்த நிகழ்வுகள் ஏறத்தாழ ஒன்றரை மடங்காகியிருந்தன. பெரும்பாலானவை இரண்டாம், மூன்றாம் ஆண்டுகளில். மொத்த எண்ணிக்கை சிறியதுதான், ஆனால் காலத்தைக் கவனியுங்கள். மதுவும் அப்படித்தான். 2012இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், மதுப்பழக்கக் கோளாறு முதலாண்டில் ஏறவில்லை, இரண்டாம் ஆண்டில் ஏறியது. பைபாஸுக்குப் பின் மது இரத்தத்தில் வேகமாகவும் அதிகமாகவும் ஏறுகிறது. உணவு கொடுத்த ஆறுதலின் இடம் காலியாகவும் கிடக்கிறது. வாழ வேண்டாம் என்ற எண்ணம் எனக்கும் சில இரவுகளில் வந்தது. அக்காவிடம் சொன்னேன். அவள் அறிவுரை எதுவும் சொல்லாமல் வந்து என்னோடு தங்கினாள், மனநல மருத்துவரிடம் நேரம் வாங்கினாள். உங்களுக்கு அந்த எண்ணம் வந்தால் விடியும்வரை காத்திருக்காமல் ஒருவரிடம் சொல்லுங்கள், அல்லது அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.

பிறகுதான் சரியான ஓர் உளவியலாளர் கிடைத்தார். அதற்கு முன் பார்த்த இருவர், எடையைக் குறைக்க எனக்கே பாடம் எடுத்தார்கள். கட்டணம் போனதுதான் மிச்சம். ஆகவே முதல் தொலைபேசி அழைப்பிலேயே கேட்டுவிடுங்கள்: பேரியாட்ரிக் நோயாளிகளைப் பார்த்த அனுபவம் உண்டா, உணவுக் கோளாறுகளுக்கு அறிதல் நடத்தைச் சிகிச்சை (எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பழக்கும் பேச்சுச் சிகிச்சை) தருவீர்களா, என் அறுவைக் குழுவோடு பேசுவீர்களா. இவர் என்னிடம் எடையே கேட்கவில்லை. எந்த நேரத்தில், எந்த உணர்வுக்குப் பின் கை உணவை நாடுகிறது என்று குறிப்பெழுதச் சொன்னார். அலுவலகத்தில் பேசாமல் விழுங்கிய ஒவ்வொரு சொல்லும் இரவில் கொறியலாக வருகிறது என்று அந்த நோட்டுப்புத்தகம் காட்டிக்கொடுத்தது. அறுவை செய்துகொண்டவர்கள் சந்தித்துப் பேசும் குழு ஒன்றையும் அவர்தான் காட்டினார். குழுவில் எல்லாமே நல்லது என்று சொல்லமாட்டேன். யார் அதிகம் குறைத்தார் என்ற போட்டி நடக்கும் குழுவும் உண்டு, அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள். ஒரு நிபுணர் கூடவே இருந்து நடத்தும் குழுவாகப் பார்ப்பது நல்லது.

பிரிட்டனில் மருத்துவச் சிகிச்சைகளுக்கு வழிமுறை வகுக்கும் நைஸ் (NICE) அமைப்பின் வழிகாட்டுதல், அறுவைக்குப் பின் குறைந்தது இரண்டு ஆண்டுகள் அதே மருத்துவப் பிரிவு நோயாளியைத் தொடர்ந்து பார்க்க வேண்டும், அதில் அவரவருக்கு ஏற்ற உளவியல் ஆதரவும் அடங்க வேண்டும் என்கிறது. உங்கள் மருத்துவமனையிடம் இதைச் சுட்டிக்காட்டிக் கேட்கலாம். கிடைக்காவிட்டால் அறுவைக்கென்று ஒதுக்கும் பணத்தில் ஒரு பகுதியை இதற்காகத் தனியே எடுத்துவைத்து, ஆறாம் மாதம், ஓராண்டு, ஒன்றரை ஆண்டு, இரண்டாண்டு என்று சந்திப்புகளை நாள்காட்டியில் இப்போதே குறித்துவிடுங்கள். மனம் நன்றாக இருந்தாலும் போங்கள். எடை ஏறியிருந்தால் கட்டாயம் போங்கள். கருவியில் ஏற விருப்பமில்லை என்றால் எண்ணை உரக்கச் சொல்ல வேண்டாம் என்று செவிலியரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளலாம். நான் அப்படித்தான் செய்கிறேன், ஒருவரும் மறுத்ததில்லை.